சாப்ளினுக்குப் பிறகு

என் புத்தகங்களுக்குப் பிழை திருத்தித் தரும் இளைஞர் ஒருவர் இருக்கிறார். சந்திப் பிழையில் மகா கெட்டிக்காரர். மற்ற விஷயங்களில் கூச்ச சுபாவம். ஒரு நாள் புரூப் கட்டைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றுகொண்டிருந்தார். என்னவென்று கேட்டேன். முதல் நாள் இரவு சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' பார்த்தாராம். கடைசிக் காட்சியில் அழுதுவிட்டாராம். "அடுத்து என்ன பார்க்கலாம், ஸார்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு ஒரு பதில் என்னிடம் பல வருஷங்களாகத் தயாராக இருந்தது. பஸ்டர் கீட்டனின் 'தி ஜெனரல்' என்றேன். மௌனப் படங்களில் அதுதான் சிகரம், பேசும் படங்களிலும் அதற்கு ஈடு சொல்வது கஷ்டம் என்றெல்லாம் ஒரு சொற்பொழிவே செய்துவிட்டேன். அவர் பயபக்தியோடு கேட்டுக்கொண்டு போனார். ஒரு வாரம் கழித்து வந்தார். "பார்த்தேன், ஸார். ரயில் நன்றாக ஓடுகிறது" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. ரசனை இல்லாத தலைமுறை என்று வழக்கமாக நாம் சொல்லிக்கொள்ளும் வசனம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அன்று இரவு படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் ஒரு விஷயம் ஞாபகத்துக்கு வந்தது. நானும் அந்தப் படத்தை முதல் தடவை பார்த்தபோது சிரிக்கவில்லை. அது பெரிய படம் என்று படித்திருந்தேன். அதனால் சிரித்ததாக நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன். அந்த நாலு பேரும் என்னிடம் அப்படியே சொன்னார்கள். பிழை திருத்துகிறவருக்கு மட்டும் பொய் சொல்லத் தெரியவில்லை.

ஆகவே இந்தக் கட்டுரை ஒரு பிராயச்சித்தம். சாப்ளினைப் பார்த்து முடித்தவருக்கு எதைக் கொடுப்பது, எந்த வரிசையில் கொடுப்பது என்பதை இந்தத் தடவை நிதானமாக யோசித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் சாப்ளின் நமக்கு என்ன பழக்கத்தை உண்டாக்கிவிடுகிறார் என்று பார்க்க வேண்டும். 'சிட்டி லைட்ஸ்' 1931இல் வந்தது. பேசும் படம் வந்து நாலு வருஷம் ஆகியும் சாப்ளின் பேச மறுத்து எடுத்த படம். பார்வை திரும்பிய பூக்காரப் பெண் நாடோடியின் கையைத் தொட்டு, தனக்கு உதவி செய்தவன் இவன்தான் என்று அறிந்துகொள்ளும் அந்தக் கடைசி நிமிஷத்தில், காமிரா அவன் முகத்துக்கு மிகவும் அருகில் போகிறது. விரலைக் கடித்துக்கொண்டு, பயமும் ஆசையுமாக ஒரு முகம். அதைப் பார்த்து அழாதவர்கள் இருக்கலாம். நான் அந்த ஜாதி இல்லை. ஆனால் சாப்ளினின் வித்தை அங்கேதான் இருக்கிறது. அவர் நம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நம் தோளில் கை போட்டுக்கொள்கிறார். நம் அனுதாபத்தைக் கேட்கிறார். கேட்கிற அழகில் நாமும் கொடுத்துவிடுகிறோம். கொடுத்துப் பழகியபின், கேட்காதவனைக் கண்டால் நமக்குச் சற்றுக் குழப்பமாக இருக்கிறது. முகத்தில் ஒன்றும் காட்டாமல், தூரத்தில், ரயில் வண்டிமேல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு குள்ள மனிதன் நம்மிடம் எதுவுமே கேட்பதில்லை. அவனிடம் எப்படிப் பழகுவது என்று தெரியாமல் ரயிலைப் பார்த்துவிட்டு வருகிறோம்.

இந்த வகைக் கூத்துக்கு ஆங்கிலத்தில் ஸ்லாப்ஸ்டிக் என்று பெயர். இத்தாலிய நாட்டுக் கோமாளிகள் வைத்திருந்த ஒரு கட்டையிலிருந்து வந்த பெயர் அது. இரண்டு மெல்லிய பலகைகளைச் சேர்த்துக் கட்டியிருக்கும். அடித்தால் சத்தம் பலமாகக் கேட்கும், வலி அவ்வளவு இருக்காது. மாக் ஸென்னட் 1912இல் தொடங்கிய கீஸ்டோன் கம்பெனியின் படங்களில் இருந்ததெல்லாம் அந்தக் கட்டையின் சத்தம்தான்: துரத்தல், உதை, பத்துப் போலீஸ்காரர்கள் ஒரே காரில் பிதுங்கி வழிவது. சாப்ளின் 1914இல் அங்கேதான் முதல் படம் நடித்தார். சரித்திரத்துக்காக இரண்டொன்று பார்க்கலாம். அதற்கு மேல் பார்த்தால் தலைவலி வரும்.

தலைவலிக்கு இன்னொரு காரணமும் உண்டு. மௌனப் படங்கள் கைப்பிடியைச் சுற்றி எடுக்கப்பட்டவை. ஒரு விநாடிக்குப் பதினாறு, பதினெட்டு, இருபது படம் என்று ஆளுக்கும் காலத்துக்கும் தக்கபடி வேகம் மாறும். பேசும் படத்துக்கு இருபத்துநாலு என்று நிர்ணயம் ஆனபின், பழைய சுருள்களையும் அதே வேகத்தில் ஓட்டிவிட்டார்கள். மனிதர்கள் எல்லாரும் எறும்புப் புற்றை மிதித்தமாதிரி ஓடினார்கள். துரத்தல் காட்சிகளில் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி எடுத்து வேகம் காட்டுவதும் உண்டுதான். ஆனால் நம்மில் பலர் மௌனப் படம் என்றாலே விலுக்கு விலுக்கென்று நடப்பது என்று நினைத்துக்கொண்டிருப்பது, யாரோ சரியாக ஓட்டாததால் வந்த வினை. இன்று கைபேசியில்கூட இந்தப் படங்கள் கிடைக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு உரிமைக் காலமே தீர்ந்துவிட்டது. அதனால் மோசமான பிரதிகளும் ஏராளம். முகம் வெள்ளையாகக் கரைந்து, பின்னணியில் ஏதோ ஒரு பியானோ சம்பந்தமில்லாமல் தடதடக்கும் பிரதியாக இருந்தால் உடனே நிறுத்திவிட்டு வேறு தேடுங்கள். படத்தின்மேல் பழி போட வேண்டாம்.

இனி என் வரிசை. சாப்ளினுக்குப் பிறகு 'ஒன் வீக்' பார்க்க வேண்டும். கீட்டன் சொந்தமாகப் படம் எடுக்க ஆரம்பித்து முதலில் வெளியிட்ட படம், 1920. இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கலாம்.

கதை இதுதான். புதிதாகக் கல்யாணமான தம்பதிக்கு மாமா ஒரு வீட்டைப் பரிசாகக் கொடுக்கிறார். வீடு பெட்டிகளில் வருகிறது. அந்தக் காலத்து அமெரிக்காவில் விலைப் பட்டியலைப் பார்த்து ஆர்டர் கொடுத்தால் மரம், கதவு, ஜன்னல், ஆணி வரை எண் போட்டு ரயிலில் வந்து இறங்கும். காகிதத்தைப் பார்த்து நாமே பூட்டிக்கொள்ள வேண்டியது. பெண்ணை மணக்க ஆசைப்பட்டு ஏமாந்துபோன ஒருவன் பெட்டிகளின்மேல் இருந்த எண்களை மாற்றி எழுதிவிடுகிறான். கீட்டன் காகிதத்தில் சொல்லியபடியே, ஒரு இம்மி பிசகாமல், வீட்டைக் கட்டி முடிக்கிறார். கட்டி முடித்த வீட்டைப் பார்க்க வேண்டுமே! வாசற்படி ஒரு பக்கம், கூரை ஒரு பக்கம், கதவு அந்தரத்தில். அவர் அதைப் பார்த்து முகத்தைச் சுளிப்பதில்லை, தலையில் அடித்துக்கொள்வதுமில்லை. காகிதத்தை ஒரு தடவை பார்க்கிறார். வீட்டை ஒரு தடவை பார்க்கிறார். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் இதில் ஏதோ நியாயம் இருக்க வேண்டும் என்று நம்புகிறவரைப்போல் மேற்கொண்டு வேலையைப் பார்க்கிறார். அரசாங்கப் படிவம் பூர்த்தி செய்திருக்கிற எவருக்கும் அந்தப் பார்வை புரியும்.

கிருகப் பிரவேசத்தன்று புயல் அடித்து வீடு ராட்டினம்போலச் சுற்றுகிறது. விருந்தாளிகள் ஜன்னல் வழியாகத் தெறிக்கிறார்கள். மறுநாள்தான் தெரிகிறது, கட்டியது வேறொருவர் மனையில். தண்டவாளத்துக்கு அப்பால் இருக்கிறது அவர்கள் மனை. வீட்டைக் காரில் கட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள். வீடு சரியாகத் தண்டவாளத்தின்மேல் மாட்டிக்கொள்கிறது. ரயில் வருகிறது. இருவரும் விலகி நின்று கண்ணைப் பொத்திக்கொள்கிறார்கள். ரயில் பக்கத்துத் தண்டவாளத்தில் போய்விடுகிறது. அப்பாடா என்று மூச்சு விடுகிறோம். விட்ட மூச்சு முடிவதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டைத் தூள் தூளாக்கிவிடுகிறது.

இதில் சிரிப்பு வருவது மோதலினால் அல்ல. எவ்வளவு பெரிய மோதலையும் இன்று கம்ப்யூட்டரில் காட்டிவிடலாம். முதல் ரயிலை நம் முன்னால் விட்டுவிட்டு, நாம் நம்பியதைப் பார்த்துக்கொண்டிருந்து, பிறகு இரண்டாவது ரயிலை அனுப்புகிறாரே, அந்தக் கணக்கினால் வருகிறது. சிறுகதை எழுதுகிறவர்கள் இந்த ஒரு காட்சியைப் பத்துத் தடவை பார்க்கலாம். காமிரா அசையாமல் தூரத்தில் நிற்பதையும் கவனிக்க வேண்டும். ஆள், வீடு, ரயில் மூன்றும் ஒரே சட்டத்துக்குள் இருந்தால்தான் இது பலிக்கும். முகத்துக்குக் கிட்டே போனால் செத்துவிடும்.

கீட்டனின் முகத்தைக் கல் முகம் என்று அமெரிக்கர்கள் சொன்னார்கள். அது பிறவிக் குணம் அல்ல. 1895இல் நாடோடிக் கூத்தாடிக் குடும்பத்தில் பிறந்த குழந்தை. மேடையில் தகப்பனார் பிள்ளையைத் தூக்கி எறிவார்; ஜனங்கள் சிரிப்பார்கள். தானும் சேர்ந்து சிரித்தால் ஜனங்களின் சிரிப்பு அடங்கிவிடுகிறது என்பதைப் பையன் மிகச் சிறு வயதிலேயே கண்டுபிடித்துவிட்டான். பிள்ளைகளைத் தூக்கி எறிவது நல்ல வளர்ப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விழுவது எப்படி என்று அந்தப் பையனுக்குத் தெரிந்ததுபோல் பிற்பாடு எவருக்கும் தெரியவில்லை.

'ஒன் வீக்' பிடித்துவிட்டால் பிறகு 'ஷெர்லாக் ஜூனியர்', 1924. முக்கால் மணி நேரம். சினிமாக் கொட்டகையில் படம் ஓட்டுகிறவன் தூங்கிப்போய், கனவில் திரைக்குள்ளேயே ஏறிவிடுகிறான். அவன் உட்காரப் போகும்போது காட்சி மாறித் தெருவாகிவிடுகிறது. நடக்கப் போனால் மலை விளிம்பு. எட்டிப் பார்த்தால் சிங்கங்கள். கடலில் குதித்தால் பனியில் தலைகீழாய் நிற்கிறான். ஆள் மாறவில்லை, உலகம் மட்டும் மாறிக்கொண்டிருக்கிறது. தந்திரக் காட்சி என்று ஒதுக்காமல், ஒவ்வொரு தடவையும் அவன் கால் எங்கே இருக்கிறதென்று பாருங்கள். ஒரு அங்குலம்கூடப் பிசகாமல் அளந்து நிறுத்தி எடுத்திருக்கிறார்கள். இதே படத்தில் ரயிலடித் தண்ணீர்த் தொட்டியின் நீர் தலையில் கொட்டி, தண்டவாளத்தில் விழுந்து கழுத்தெலும்பு முறிந்தது கீட்டனுக்கு. முறிந்தது என்று பல வருஷம் கழித்து ஒரு டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

பிறகு 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்', 1928. புயலில் ஒரு வீட்டின் முகப்புச் சுவர் முழுசாகப் பெயர்ந்து அவர்மேல் விழுகிறது. மாடி ஜன்னலின் திறந்த இடம் சரியாக அவர் நிற்கிற இடத்தில் வந்து இறங்க, அவர் நின்றபடியே நிற்கிறார். நிஜச் சுவர், இரண்டு பக்கமும் சில அங்குல இடைவெளி. 'ஒன் வீக்'கிலேயே இந்த விளையாட்டைச் சிறிய அளவில் ஒரு தடவை செய்து பார்த்திருக்கிறார். எட்டு வருஷம் கழித்துப் பெரிதாகச் செய்கிறார். நாமெல்லாம் ஒரு கருவை ஒரு கதையில் எழுதிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறோம்.

நடுவில் மாறுதலுக்கு ஹரால்ட் லாயிட் வேண்டும். கடிகார முள்ளைப் பிடித்துக்கொண்டு தொங்கும் அவருடைய படத்தைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். அது 'சேஃப்டி லாஸ்ட்', 1923. நாலு வருஷம் முன்னால் போட்டோ எடுக்கும்போது, டம்மி என்று நினைத்துக் கையில் பிடித்திருந்த குண்டு வெடித்து, வலது கையில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் போய்விட்டன. உறை மாட்டிய அந்தக் கையோடுதான் தொங்குகிறார். கட்டடங்களின் மொட்டை மாடியில் சுவர் கட்டி, தெரு கீழே தெரியும்படி கோணம் பார்த்து எடுத்தார்கள் என்பது தெரிந்தபின்பும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. ஆனாலும் அந்தப் படத்தில் என்னைப் பிடித்தது கடிகாரம் அல்ல. பட்டணத்தில் துணிக்கடைச் சிப்பந்தியாக இருப்பவன், ஊரில் இருக்கும் பெண்ணுக்குத் தான் பெரிய உத்தியோகம் பார்ப்பதாக எழுதிக்கொண்டிருக்கிறான். நகைக் கடையில் அவளுக்கு ஒரு சங்கிலி வாங்குகிறான். கையில் இருப்பது சாப்பாட்டுக் காசு. அவன் காசை எடுத்து வைக்க வைக்க, அவன் நினைத்துக்கொண்டிருந்த சாப்பாட்டில் ஒவ்வொரு பதார்த்தமாகத் தட்டிலிருந்து மறைகிறது. ஊருக்கு மணியார்டர் அனுப்பிவிட்டு மெஸ்ஸில் மோர் சாதத்தோடு எழுந்திருக்கிறவர்கள் இருக்கும் தேசத்தில் இதற்கு விளக்கம் வேண்டாம். அந்த நகைக் கடைக்காரரை யூதர் என்று கேலி செய்திருப்பது மட்டும் கண்ணில் குத்துகிறது.

லாரல் – ஹார்டியின் 'பிக் பிஸினஸ்' 1929. இருவரும் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் மரம் விற்கிறார்கள். ஒரு வீட்டுக்காரர் வேண்டாமென்கிறார். அதற்காக அவர்கள் அவர் வீட்டை இடிக்கிறார்கள். அவர் இவர்கள் காரை உடைக்கிறார். விசேஷம் என்னவென்றால் யாருக்கும் அவசரம் இல்லை. ஒருவர் உடைக்கும்போது மற்றவர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பார், முறை வந்ததும் இவர் உடைப்பார். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டிருப்பார். ஸென்னட்டின் ஓட்டமெல்லாம் ஓய்ந்தபின், மெதுவாகச் செய்தால் இன்னும் சிரிப்பு வரும் என்று கண்டுபிடித்தவர்கள் இவர்கள். நம் ஊர்ப் பங்காளிச் சண்டை பார்த்தவர்கள் இதை வெறும் வேடிக்கை என்று சொல்ல மாட்டார்கள்.

சாப்ளினே தம் ஆசான் என்று எழுதிக் கொடுத்த பிரெஞ்சுக்காரர் மாக்ஸ் லிண்டர், குழந்தை முகத்தோடு கொஞ்சம் பயமுறுத்தும் ஹாரி லாங்டன், சாப்ளினையே வைத்து 1914இல் படம் இயக்கிய மேபல் நார்மண்ட் ஆகியோரைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம். கீட்டனின் 'ஸெவன் சான்ஸஸ்' படத்தில் மலையிலிருந்து பாறைகள் உருண்டு துரத்தும் கட்டம் அபாரம். அதே படத்தில் வெள்ளைக்காரர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பராக நடிக்கும் கட்டம் அருவருப்பு. இரண்டையும் செய்தது ஒரே கைதான்.

இவ்வளவுக்கும் பிறகுதான் 'தி ஜெனரல்'. 1926இல் ஆரிகன் மாகாணத்தில் எடுத்தது. 1862இல், உள்நாட்டு யுத்தத்தின்போது வடக்கு ராணுவத்தார் ஜார்ஜியாவில் ஒரு ரயில் எஞ்சினைக் கடத்திக்கொண்டு ஓட, தெற்கத்தியர் துரத்திப் பிடித்த நிஜச் சம்பவம். கீட்டன் எஞ்சினைப் பறிகொடுத்த டிரைவர். பட்டாளத்தில் சேராத கோழை என்று காதலி முகத்தைத் திருப்பிக்கொண்டதும், எஞ்சின் சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டின்மேல் உட்கார்ந்துவிடுகிறார். எஞ்சின் நகர்கிறது. தண்டோடு அவரும் ஏறுகிறார், இறங்குகிறார், ஏறுகிறார். துக்கத்தில் அவருக்கு அது தெரியவே இல்லை. சக்கரம் ஒரு கணம் வழுக்கிச் சுழன்றிருந்தால் ஆள் போயிருப்பார். 'சிட்டி லைட்ஸ்' கடைசிக் காட்சியில் முகம் செய்கிற வேலையை இங்கே எஞ்சின் செய்கிறது. 'ஒன் வீக்'கும் மற்றதும் பார்த்துக் கண் பழகியவருக்குத்தான் அந்த உருவம் துக்கமாகத் தெரியும். நேரே வருகிறவருக்கு ரயில் நன்றாக ஓடுகிறது.

மற்றொரு கட்டம். தண்டவாளத்தில் எதிரி போட்டுவிட்டுப் போன கட்டை ஒன்றைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு எஞ்சினின் முன் கிராதியில் மல்லாந்துவிடுகிறார். எதிரே இன்னொரு கட்டை குறுக்கே கிடக்கிறது. கையில் உள்ளதை அதன் ஓரத்தில் எறிகிறார். இரண்டும் எகிறி விழுகின்றன. ஒரே எறி. கையில் இருந்த சங்கடத்தையே வழியில் இருந்த சங்கடத்துக்கு மருந்தாக்கிவிடுகிற இந்தப் புத்தி படம் முழுவதும் ஓடுகிறது.

ஆனால் ஒரு குறையைச் சொல்லாமல் விடக்கூடாது. இந்தக் கதாநாயகன் அடிமை முறையைக் காப்பாற்றப் போரிட்ட தெற்கின் பக்கம். தோற்றவர்களை வில்லனாக்கினால் ஜனங்கள் ஏற்க மாட்டார்கள் என்று கீட்டன் கணக்குப் போட்டார். அந்த யுத்தம் எதற்காக நடந்தது என்ற விஷயம் படத்தில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எந்திரத்தின் ஒவ்வொரு திருகாணியையும் அறிந்த மனிதர், அதைச் சுற்றியிருந்த மனிதர்களைப் பற்றி இவ்வளவு கவலையற்று இருந்தாரே என்று எனக்கு உறுத்துகிறது. உறுத்தலோடுதான் அதைப் பெரிய படம் என்கிறேன்.

அன்றைக்கு அப்படிச் சொன்னவர்கள் வெகு சிலர். எரியும் பாலத்தோடு ஒரு நிஜ எஞ்சினையே ஆற்றில் தள்ளி எடுத்த படம். போட்ட பணம் திரும்பவில்லை, விமரிசகர்களும் உதட்டைப் பிதுக்கினார்கள். 1928இல் அவருடைய ஸ்டூடியோவை மூடி, எம்.ஜி.எம். என்ற பெரிய கம்பெனியில் அவரைச் சேர்த்துவிட்டார் முதலாளி. பேச்சு வந்ததால் கீட்டன் வீழ்ந்தார் என்று ஒரு கதை உலவுகிறது. நான் நம்பவில்லை. அவருக்குக் குரல் இருந்தது. ஆரம்பப் பேசும் படங்கள் பணமும் சம்பாதித்தன. போனது வேறு. அதுவரை அவர் திரைக்கதை என்று எழுதி வைத்துக்கொண்டதில்லை. ஆரம்பமும் முடிவும் தெரிந்தால் போதும், நடு தானாக வரும் என்று தம் ஆட்களோடு உட்கார்ந்து பேசி, சரியாக வராவிட்டால் நிறுத்திவிட்டுப் பந்து விளையாடப் போவார். புதிய இடத்தில் யாரோ எழுதிய காகிதத்தை நீட்டி இதன்படி விழுங்கள் என்றார்கள். முதல் படமான 'தி கேமராமேன்' எப்படியோ தப்பிப் பிழைத்தது. அப்புறம் குடி, 1933இல் வேலையும் போயிற்று. அங்கே சேர்ந்ததுதான் தம் வாழ்க்கையின் பெரிய தவறு என்று பிற்பாடு சுயசரிதையில் எழுதினார்.

தொடர்கதைக்கு இருபத்தாறு வாரச் சுருக்கத்தையும் முன்கூட்டியே எழுதித் தரச் சொன்ன ஒரு பத்திரிகை ஆசிரியரை எனக்குத் தெரியும். எழுதிக் கொடுத்தேன். அந்தத் தொடர்கதையை நான் புத்தகமாகப் போடவில்லை.

பிழை திருத்துகிறவரிடம் போன மாதம் 'ஒன் வீக்' பெயரை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். சொற்பொழிவு செய்யவில்லை. அடுத்த புரூப் கட்டோடு வந்தபோது, அவரும் அவர் தாயாரும் சேர்ந்து பார்த்ததாகச் சொன்னார். படத்தின் முடிவில் ஒரு சின்ன விஷயம் உண்டு. நொறுங்கிப்போன மரக் குவியலில் 'விற்பனைக்கு' என்று ஒரு பலகையை வைத்துவிட்டு, அதோடு வீடு கட்டும் விவரக் காகிதத்தையும் சேர்த்துச் செருகிவிட்டு, கீட்டன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துபோவார். அம்மா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"'வாங்கறவனுக்கு வேணுமேன்னு காகிதத்தையும் வச்சுட்டுப் போறான் பாரு, நல்ல பிள்ளை'ன்னாங்க, ஸார்" என்றார்.